குவார்ட்டர்பேக் என்பது குடிப்பழக்கம் அல்ல

என் தம்பி ஜெரோமுக்கு என்ன ஆயிற்று என்று கேட்காத ஆள் பெங்களூர் நீலசந்திராவில் இனி யாரும் பாக்கியில்லை. பூசை முடிந்து மாதா கோயில் படி இறங்கும்போது ஒருவர் கேட்பார், கறிக்கடை வரிசையில் இன்னொருவர், ஆபீஸ் லிஃப்டில் வேறொருவர். எல்லோருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "அதுக்கு முன்னாடி கொஞ்சம் சாப்பிடுவாரோ?" என்பார்கள். சோற்றைப் பற்றிக் கேட்கவில்லை என்று உங்களுக்கும் தெரியும். இந்த ஒரு கேள்விக்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இனிமேல் கேட்கிறவர்களுக்கு இதைக் கையில் கொடுத்துவிட்டு நான் பாட்டுக்கு என் வேலையைப் பார்ப்பேன்.

என் வேலை தொம்மலூரில் ஒரு கூரியர் கம்பெனியில், புகார் கேட்கும் பிரிவில். பார்சல் வரவில்லை, உடைந்து வந்தது, பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டார்கள் என்று நாள் முழுவதும் ஊரே என்னைத் திட்டும். "உங்கள் சிரமம் புரிகிறது" என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள் நான். ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் அந்த வாக்கியம் கேட்கிறவர் காதில் எப்படி எரியும் என்று தெரிந்தது.

ஜெரோம் கனடாவில் ஃபுட்பால் ஆடுகிறவன். இப்படிச் சொன்னதுமே உங்கள் மனதில் ஓர் உருண்டைப் பந்து உருள ஆரம்பித்திருக்கும். தயவுசெய்து அதை நிறுத்துங்கள். இந்தப் பந்து சின்ன பப்பாளிக்காய் மாதிரி இரண்டு பக்கமும் கூராக இருக்கும். காலால் உதைப்பது எப்போதாவதுதான். மற்றபடி கையில் பிடித்து ஓடுவார்கள், இல்லையென்றால் வீசுவார்கள். பக்கத்துக்குப் பன்னிரண்டு பேர், தலையில் கவசம், தோளில் பலகை மாதிரி ஒன்று. மூன்று முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும், முடியாவிட்டால் பந்து எதிராளிக்குப் போய்விடும். ஆட்டம் அவ்வளவுதான். இதில் பந்தை முதலில் வாங்கி, யாரிடம் கொடுப்பது, யாருக்கு வீசுவது என்று கண் இமைக்கிற நேரத்தில் முடிவு செய்கிறவனுக்குப் பெயர் குவார்ட்டர்பேக். என் தம்பி குவார்ட்டர்பேக்.

அங்கே அவன் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் எங்கள் சித்தி. சித்தி அங்கே நர்ஸ். பத்தாவது முடித்ததும் படிக்க வைக்கிறேன் என்று கூட்டிக்கொண்டு போனார். இங்கே பள்ளிக்கூட மைதானத்தில் பவுண்டரியிலிருந்து பந்தெறிந்து ஸ்டம்பைச் சாய்க்கிறவன் அவன். அந்தக் கையை அங்கே ஒரு பி.டி. மாஸ்டர் பார்த்துவிட்டார். பிறகு காலேஜ் டீம், அதன் பிறகு சம்பளத்துக்கு ஆடுகிற டீம். ஊர் ஊராக மாற்றினார்கள், ஒவ்வொரு ஊரும் முந்தினதை விடக் குளிர். ஆனால் எந்த ஊரிலும் அவன் முதல் ஆள் இல்லை. முதல் ஆளுக்கு அடிபட்டால் இறங்குவதற்காக வைத்திருக்கும் இரண்டாவது ஆள், சில வருஷம் மூன்றாவது ஆள். கோச் பேசுவதைக் கேட்கக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓரமாக நிற்பான். இன்னொருவன் உதைப்பதற்காக இவன் பந்தைத் தரையில் நிறுத்திப் பிடித்துக்கொள்வான்.

இன்னொரு வேலையும் உண்டு. இன்னும் ஒரே ஒரு கெஜம்தான் வேண்டும் என்று ஆட்டம் முட்டிக்கொண்டு நிற்கும்போது, முதல் ஆளின் உடம்பு வீணாகப் போகக்கூடாது என்று இவனை இறக்கிவிடுவார்கள். பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, எதிரே நிற்கிற ஆள் குவியலுக்குள் முட்டிப் புக வேண்டும். ஒரு கெஜம் கிடைத்ததும் வெளியே வந்துவிட வேண்டும். பல வருஷமாக என் தம்பி செய்த உத்தியோகம் இதுதான்.

அம்மாவுக்கு இதெல்லாம் புரியாது. ஒரு ஆட்டமும் பார்த்ததில்லை. ஆனால் "குவார்ட்டர் பேக்" என்ற பெயரை மட்டும் செபம் மாதிரி மனப்பாடம் செய்து வைத்திருந்தார். யார் கேட்டாலும் தெளிவாக, இரண்டு வார்த்தையாகப் பிரித்துச் சொல்வார். வினை அங்கேதான் இருந்தது.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஜெரோம் வீட்டுக்கு வந்தான். வந்ததிலிருந்து ஏதோ சரியில்லை. சட்டைப் பட்டன் போட அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டான். காபி டம்ளர் வலது கையிலிருந்து நழுவி விழுந்தது, மறுநாளும் விழுந்தது. "கை மரத்துப்போச்சு, குளிரு" என்றான். கனடாவில் வாழ்கிறவனுக்குப் பெங்களூர்க் குளிரா என்று நான் கேட்டதும் குனிந்து டம்ளரைப் பொறுக்கினான். புது வருஷம் பிறந்த இரண்டொரு நாளில் மாடிப்படி இறங்கும்போது கால் பின்னிக்கொண்டு விழுந்தான். நெற்றி பிளந்துவிட்டது. ஆட்டோவில் போட்டு ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பெயர் வேண்டாம், இனியும் ஒருவேளை நான் அங்கே போக வேண்டி வரலாம்.

அவசரப் பிரிவில் அவனை உள்ளே கொண்டுபோய் நெற்றிக்குத் தையல் போட்டார்கள். நான் பதிவு கவுண்டரில் நின்றேன். என் வீட்டுக்காரர் சகாயம் வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். அம்மா மட்டும் வெளியே நாற்காலியில் இருந்தார். அந்த நேரம் பார்த்து இளவயது டூட்டி டாக்டர் ஒருவர், பாவம், அவரும் தூங்காத முகத்தோடு, அம்மாவிடம் வந்து கன்னடத்தில் விவரம் கேட்டார். கை மரப்பு எப்போதிலிருந்து, காலில் தடுமாற்றம் எப்போதிலிருந்து என்றெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில், "ஏனாதரூ அப்யாசா இதியாம்மா?" என்றார்.

கன்னடத்தில் அப்யாசா என்றால் பழக்கம். டாக்டர்கள் அப்படிக் கேட்டால் குடி, சிகரெட் உண்டா என்று அர்த்தம். அதே அப்யாசா என்றால் பயிற்சி என்றும் அர்த்தம். அம்மா பிறந்ததிலிருந்து கன்னடம் பேசுகிறவர்தான், ஆனால் அந்த வார்த்தையைக் கேட்டதும் அவர் காதில் விழுந்தது நம்முடைய அப்பியாசம். மகனுடைய ஆட்டத்தைப் பற்றி டாக்டர் அக்கறையாக விசாரிக்கிறார் என்று நினைத்துவிட்டார்.

"இதே சார். தினா அப்யாசா," உண்டு சார், தினமும் உண்டு என்றார் அம்மா பெருமையாக.

என்ன அது என்று டாக்டர் கேட்க, "குவார்ட்டர் பேக்" என்றார்.

இங்கே கர்நாடகத்தில் மலிவு விஸ்கி காகிதப் பாக்கெட்டில் வருகிறது. ஜூஸ் பாக்கெட் மாதிரியே இருக்கும், காலி பாக்கெட்டுகள் எல்லாச் சந்திலும் கிடக்கும். குவார்ட்டர் என்றால் என்ன அளவு என்று தமிழனுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. டாக்டர் காதில் குவார்ட்டர் பேக் எப்படி விழுந்திருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். எத்தனை வருஷமாக என்று கேட்டார். பதினோரு வருஷம் என்றார் அம்மா. காலையிலேயேவா என்றார். காலையிலும் உண்டு, சாயங்காலமும் உண்டு, மழை பெய்தாலும் விடமாட்டான் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "பிடு அந்த்ரெ கேளல்லா சார்," விடு என்றால் கேட்கமாட்டான் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டாக்டர் அம்மாவின் தோளைத் தொட்டு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாராம். எவ்வளவு தங்கமான பிள்ளை என்று அம்மா என்னிடம் சொன்னார்.

தலையை ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றுமில்லை. பொது மருத்துவ வார்டில் சேர்த்தார்கள். அதிகம் குடிக்கிறவர்களுக்கு உடம்பில் சில வைட்டமின்கள் வற்றிப்போய், கை கால் நரம்பு கெட்டு, மரப்பும் தள்ளாட்டமும் வருமாம். ஜெரோமுக்கு அதுதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். எங்களிடம் "நரம்பு பலவீனம், வைட்டமின் ஏத்தணும்" என்று மட்டும் சொன்னார்கள். மஞ்சள் நிற டிரிப் ஏறியது. ஊசி போட்டார்கள். ஈரலைப் பார்க்க வயிற்றில் களிம்பு தடவி ஸ்கேன் எடுத்தார்கள். கைக்கு வைத்தியம் பார்க்க வந்தவனுக்கு ஏன் ஈரல் என்று நான் கேட்டபோது நர்ஸ் என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு இரக்கம் இருந்தது.

"குடிப்பீங்களா?" என்று ரவுண்ட்ஸ் வந்த ஒரு டாக்டர் ஜெரோமையே கேட்டார். "இல்ல சார்" என்றான். கூட நின்ற மாணவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குடிக்கிறவன் எவனும் குடிக்கிறேன் என்று சொல்லமாட்டான் என்பது அவர்கள் பாடம் போலிருக்கிறது. உண்மையைச் சொல்லியும் அது பொய்க்கு அத்தாட்சியாகப் போனது. குடியை நிறுத்தினால் சிலருக்குப் பூச்சி ஊர்வது மாதிரித் தோன்றுமாம், அதற்காக ஒரு நர்ஸ் வந்து கேட்டார். இவனுக்குக் கட்டைவிரல் கூசிக்கொண்டே இருந்தது. "ஆமா சிஸ்டர், எறும்பு ஊர்ற மாதிரிதான் இருக்கு" என்றான் என் அருமைத் தம்பி.

பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி அம்மாவைத் தனியே கூப்பிட்டு, குடியை நிறுத்த எங்கேயோ ஒரு கோயிலில் கயிறு கட்டுகிறார்கள், எந்த மதத்தவரும் போகலாம் என்று சொன்னார். யார் குடியை என்று அம்மா கேட்கவில்லை. அந்த அம்மாவின் புருஷன்தான் குடிப்பார் போல என்று நினைத்து, அவருக்காக ஒரு ஜெபமாலை சொன்னார்.

எனக்கு அப்போது இது எதுவும் தெரியாது. என் சண்டையெல்லாம் செக்யூரிட்டியோடு. உடனிருப்பவருக்குக் கொடுத்த நாற்காலியின் ஒரு கால் உடைந்திருந்தது, கேட்டால் வரும் வரும் என்றார்கள். சகாயம் வாய் பேசாத மனிதர், வீட்டிலிருந்து சிவப்பு பிளாஸ்டிக் முக்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். வெளி ஃபர்னிச்சர் உள்ளே வரக்கூடாது என்று வாசலில் மறித்தார்கள். "சொல்ப அட்ஜஸ்ட் மாடி," கொஞ்சம் அனுசரித்துப் போங்கள் என்று அவர் கெஞ்ச, நான் கத்த, கடைசியில் முக்காலி உள்ளே வந்தது. அந்த ஆஸ்பத்திரியில் நான் முதலில் ஜெயித்தது அதில்தான்.

கை மட்டும் நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டு வந்தது. ஸ்பூனைப் பிடிக்க முடியாமல் போனது. அம்மா ரசம் சாதம் பிசைந்து ஊட்டினார். அந்த ஆறடி உடம்பு வாயைத் திறந்து வாங்கிக்கொள்வதைப் பார்க்கச் சகிக்காமல் ஜன்னல் பக்கம் போய் நின்றேன். பயமாக இருந்தது. இதை மறைத்து எழுத முடியாது, மிகவும் பயமாக இருந்தது.

அப்போதுதான் கவுன்சலர் வந்தார். அத்திபெலே பக்கத்து ஆள், தமிழர், தேன் ஒழுகுகிற குரல். நோயாளியின் மனசுக்கு ஆறுதல் சொல்ல வந்தவர் என்று நினைத்து என் முக்காலியையே அவருக்குக் கொடுத்தேன்.

"எப்ப தம்பி ஆரம்பிச்சீங்க?" என்றார்.

"பதினேழு வயசுல சார்."

"யாரு பழக்கினது?"

"ஸ்கூல்ல பி.டி. மாஸ்டர்."

அவர் முகம் சுருங்கியது. "வாத்தியாரேவா?"

"அவர்தான் சார் முதல்ல. உனக்கு இது நல்லா வரும்னு சொன்னாரு. அப்புறம் காலேஜ். இப்ப அதுதான் பொழப்பே."

"கூட்டாளிங்க நிறையவோ?"

"பன்னெண்டு பேரு. ஆனா நான் முக்காவாசி நேரம் ஓரமாத்தான் நிப்பேன்."

"ஓரமா நின்னாலும் உடம்பு கெடுதுல்ல?"

"கெடுது சார்."

"அப்ப விட்டுடலாமே?"

ஜெரோம் கூரையைப் பார்த்தான். "இந்த ஒரு வருஷம் மட்டும் சார். அதோட விட்டுடறேன்."

"எல்லாரும் இதான் தம்பி சொல்றாங்க. அந்த ஒரு வருஷம் முடியறதே இல்ல. அம்மாவப் பாருங்க, அக்காவப் பாருங்க."

இவ்வளவு நல்ல மனுஷனை எங்கே பிடித்தார்கள் என்று எனக்கு ஆச்சரியம். "கேட்டுக்கோடா," என்றேன். "நான் சொன்னா பேஜாருன்னு சொல்வியே, இப்ப சார் சொல்றாரு, கேட்டுக்கோ."

"ஒரேயடியா வேணாம்," என்றார் கவுன்சலர். "மெதுவா குறைக்கலாம். இப்ப ஒரு நாளைக்கு எத்தன பாக்கெட்?"

அவன் ஆட்டத்திலும் பாக்கெட் என்று ஒன்று இருக்கிறது. பந்து வீசுகிறவனைச் சுற்றித் தன் ஆட்கள் அரணாக நிற்பார்களே, அந்த நடு இடம். ஜெரோமின் தமிழ் பள்ளிக்கூடத்தோடு நின்றுபோன தமிழ். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரே பாக்கெட்தான் சார். நான் அதுக்குள்ளயே நிக்கணும், வெளிய வந்தா அடிச்சிடுவாங்க" என்றான்.

கவுன்சலர் பேனாவை மூடினார். என்னைப் பார்த்து, "இவர் விஸ்கியா, ரம்மா?" என்றார்.

அதற்குப் பிறகு நான் கத்தியது கீழ்த்தளம் வரை கேட்டதாகச் சகாயம் சொன்னார். நர்ஸ் ஓடி வந்தார், டூட்டி டாக்டர் ஓடி வந்தார், அம்மாவைக் கேட்க, அம்மா கன்னடத்தில் நடந்ததைக் கன்னடத்திலேயே அட்சரம் பிசகாமல் ஒப்பித்தார். டாக்டர் சுவரில் சாய்ந்துகொண்டார். கவுன்சலர் மட்டும் என்னைத் தேற்றினார்: "உங்க சிரமம் புரியுது மேடம்." நான் அவரை அடிக்காமல் விட்டது ஆண்டவர் கிருபை.

தப்பு தெரிந்துவிட்டால் திருத்திவிடலாம் என்றுதானே நினைப்பீர்கள்? சிஸ்டத்தில் ஏறிவிட்டது மேடம் என்றார்கள். ஏற்றினவர்கள் இறக்க வேண்டியதுதானே என்றால், அதற்கு வேறு டிபார்ட்மெண்ட். கடைசி வரைக்கும், மயக்க மருந்து டாக்டர் உட்பட, வந்தவர்கள் எல்லோரும் "கடைசியாக எப்போது குடித்தீர்கள்?" என்றுதான் ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவருக்கும் நான் முதலில் குவார்ட்டர்பேக் என்றால் என்ன என்று விளக்க வேண்டும். விளக்கி முடித்தால், "ஓ, ஃபுட்பாலா? அப்ப முட்டிதானே போயிருக்கணும்?" என்பார்கள்.

இதற்கெல்லாம் நடுவில் நரம்பு அறுவை டாக்டர் வந்தார். நரைமுடியைக் குட்டையாக வெட்டிய பெண்மணி, அதிகம் பேசாதவர். முட்டியில் சின்னச் சுத்தியலால் தட்டினார், கால் துள்ளி எழுந்தது. அவன் நடுவிரலை ஒரு சுண்டு சுண்டினார், கட்டைவிரல் தானாக மடங்கியது. அதைப் பார்த்ததும் அவர் கேட்டது ஒரே கேள்விதான். "கழுத்துல எப்ப அடிபட்டுது?"

  ஜெரோம் சொன்னதைக் கேட்டு நான் முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு சீசனாகவே, ஒரு கெஜத்துக்காக முட்டிப் புகும்போதெல்லாம் கழுத்திலிருந்து கட்டைவிரல் வரை கரண்ட் அடித்தது மாதிரி இழுக்குமாம். முதலில் ஒரு நிமிஷத்தில் போய்விடும், பிறகு நாள் முழுக்க நிற்கும். டீம் டாக்டரிடம் சொல்லவில்லை. சித்தியிடமும் சொல்லவில்லை.

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா உட்கார வெச்சிடுவாங்கக்கா."

"ஏற்கெனவே உட்கார்ந்துதானேடா இருந்தே!"

எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் காட்டி விளக்கினார். கழுத்தெலும்புகளுக்கு நடுவே சின்னச் சின்ன மெத்தைகள் இருக்கின்றன, அதைத்தான் டிஸ்க் என்கிறார்கள். இவனுக்கு ஒரு மெத்தை பிதுங்கிப் பின்னால் போய், தண்டுவடத்தை நெருக்கிக்கொண்டிருந்தது. மூளையிலிருந்து கைகாலுக்குப் போகிற கம்பியெல்லாம் அந்த வழியாகத்தான் போகிறது. இவனுக்குப் பிறவியிலேயே அந்த வழி குறுகல். ஆகவே வைட்டமின் ஏற்றிக்கொண்டிருந்த நாட்களில் அந்தக் கம்பி நசுங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. தொண்டைப் பக்கமாக முன்னாலிருந்து போய், பிதுங்கின மெத்தையை எடுத்துவிட்டு, அங்கே சின்னக் கூடு ஒன்று வைத்து, தகடு போட்டு முடுக்க வேண்டும். இரண்டு எலும்பும் காலப்போக்கில் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும்.

"திரும்ப ஆடலாமா?" இதுதான் அவன் கேட்டது. கை வருமா, நடப்பேனா என்று எதுவும் கேட்கவில்லை.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "இதே ஆபரேஷன் பண்ணிக்கிட்டுத் திரும்ப ஆடினவங்க இருக்காங்க. நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா உங்க வழி குறுகல். இன்னொரு மோசமான இடி வாங்கினா, கழுத்துக்குக் கீழ எதுவும் அசையாமப் போகலாம். என் பையனா இருந்தா அனுப்ப மாட்டேன். முடிவு உங்களோடது."

முடிவு அவனுடையதாம். அன்றிலிருந்து எனக்கும் அவனுக்கும் ஓயாத சண்டை. விஷயம் என்னவென்றால், வரப்போகிற சீசனில் அவன்தான் முதல் ஆள் என்று டீமில் வாக்குக் கொடுத்திருந்தார்கள். பழைய முதல் ஆள் ஓய்வு பெற்றுவிட்டான். இத்தனை வருஷம் ஓரமாக நின்றவனுக்கு இப்போதுதான் வாசல் திறந்திருக்கிறது.

"ஒரு கெஜத்துக்குக் கழுத்தக் கொடுப்பியா? இப்ப மிச்சம் இருக்கறதையும் கொடுத்துட்டு வருவியா?" என்று கேட்டேன்.

"உனக்கு அந்த ஒரு கெஜம் தெரியாதுக்கா," என்றான். "ஆட்டம் பூரா யாரும் என் பக்கம் திரும்ப மாட்டாங்க. திடீர்னு கோச் என் நம்பரக் கத்துவாரு. நான் உள்ள ஓடறப்ப மைதானமே எழுந்து நிக்கும். என்ன பண்ணப் போறேன்னு எல்லாருக்கும் தெரியும், எதிராளிக்கும் தெரியும். தெரிஞ்சும் என்னத் தடுக்க முடியாது. ஒரு தடவகூட விடலக்கா, போன சீசன் பூரா ஒரு தடவகூட."

 அவன் இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் தமிழ் பேசி நான் கேட்டதில்லை. ஆனாலும் நான் விடவில்லை. பாஸ்போர்ட்டைக் கிழித்து அடுப்பில் போடுவேன் என்றேன். எங்கள் அடுப்பு கேஸ் அடுப்பு என்று சகாயம் நினைவூட்டினார். அம்மா இரண்டு பேரையும் சும்னே இருக்கச் சொன்னார்.

ஆபரேஷன் அன்று காத்திருக்கும் கூடத்தில் ஒரு டி.வி. நோயாளிகளின் நம்பர் வரிசையாக ஓடும், பக்கத்தில் "நடைபெறுகிறது" என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கும். மற்ற நம்பர்கள் மாறிக்கொண்டே இருந்தன, ஜெரோமுடைய நம்பர் மட்டும் அப்படியே நின்றது. விசாரிக்கப் போனால் டி.வி.யைப் பாருங்கள் என்றார்கள். அம்மா ஜெபமாலையை உருட்டிக்கொண்டு, "ஆட்டத்துல அவன எங்க நிக்க வெப்பாங்க?" என்று முதல் தடவையாகக் கேட்டார். தரையில் விரலால் கோடு போட்டுக் காட்டினேன். எதிரே நிற்கிறவர்கள் எவ்வளவு பக்கம் என்று கேட்டார். ஒரு கெஜம் என்றேன். அம்மா அந்த இடத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அழுதேன். சகாயம் எங்கேயோ போய் மூன்று காபி வாங்கிக்கொண்டு வந்தார். யாரும் குடிக்கவில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவர் மட்டும் போகலாம் என்றார்கள். அம்மா என்னைத் தள்ளிவிட்டார். கழுத்தில் பெரிய பட்டை, முகம் வீங்கியிருந்தது. ஆபரேஷனில் தொண்டையை ஒதுக்கி வைத்ததால் குரல் கொஞ்ச நாள் கரகரப்பாக இருக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். "அக்கா," என்றான் காற்று மாதிரி. "கட்டைவிரல்ல போர்வை தெரியுது."

சொரசொரவென்ற ஆஸ்பத்திரிப் போர்வை. அதை அவன் விரலால் தடவித் தடவிப் பார்த்தான். என்னிடமும் தடவிப் பார்க்கச் சொன்னான். என் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல போர்வையை நான் தொட்டதில்லை.

கை மெல்ல மெல்லத் திரும்பியது. பிசியோதெரபிப் பெண் வந்து விரலை அழுத்தச் சொல்வாள், அவள் முகம் சுளிக்கும் வரை அழுத்துவான்.  இந்தக் கை இப்படியே தேறிவிட்டால் இவன் போய்விடுவான் என்று எனக்குப் பயம். கை வரவில்லையே என்றும் அழுது, வருகிறதே என்றும் அழுதவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

டிஸ்சார்ஜ் அன்று காலையிலேயே வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். ஆஸ்பத்திரியில் காலை என்றால் சாயங்காலம். பில் வர வேண்டும், இன்சூரன்ஸ் ஒப்புதல் வர வேண்டும், மருந்துக்கடை கையெழுத்து வர வேண்டும். கட்டிலில் விரிப்பை உருவிவிட்டார்கள், வெறும் மெத்தையில் நாங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். அம்மாவும் சகாயமும் கீழே கவுண்டருக்குப் போன நேரத்தில் ஜெரோம் என் பக்கம் முழு உடம்பையும் திருப்பினான். பட்டை போட்டவனால் கழுத்தை மட்டும் திருப்ப முடியாது.

"முடிச்சுக்கறேன்க்கா," என்றான். "அம்மா தினமும் எனக்குச் சோறு ஊட்டினாங்களே, அத நெனச்சுதான் முடிவு பண்ணேன். டீமுக்கு நானே சொல்றேன். கௌரவமா, நானே."

 அவன் தலையைத் தடவக்கூடப் பயம், கழுத்து அசைந்துவிடுமோ என்று. கையைப் பிடித்துக்கொண்டேன்.

கனடாவில் அப்போதுதான் விடிகிறது. என்ன சொல்ல வேண்டும் என்று ஆங்கிலத்தில் முணுமுணுத்து ஒத்திகை பார்த்தான். இத்தனை வருஷத்துக்கு நன்றி, முதல் ஆளாக நினைத்ததற்கு நன்றி, என் உடம்பு போதும் என்கிறது, அதனால் நான் விலகிக்கொள்கிறேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்தான், இரண்டு தடவையும் "விலகிக்கொள்கிறேன்" என்ற இடத்தில் நிறுத்திக்கொண்டான். பிறகு போனை என் கையில் கொடுத்து ஸ்பீக்கரில் போடச் சொன்னான்.

அவனுடைய கோச் எடுத்தார். இவன் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார். நீயே கூப்பிட்டது நல்லதாகப் போயிற்று, நானே கூப்பிட இருந்தேன் என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து இவன் அனுப்பின ரிப்போர்ட்டை எல்லாம் பார்த்தார்களாம். வேறொரு பையனை எடுத்துவிட்டார்களாம், சின்ன வயசு, நல்ல கை. போன வாரமே கையெழுத்தாகிவிட்டதாம். உன் லாக்கரில் இருப்பதைப் பெட்டியில் போட்டு அனுப்புகிறோம், எந்த முகவரிக்கு அனுப்ப என்று கேட்டார். உடம்பைப் பார்த்துக்கொள் என்றார். கெட்ட மனிதர் மாதிரித் தெரியவில்லை. அவசரத்தில் இருந்தார்.

ஜெரோம், "ஓகே கோச். தேங்க் யூ" என்றான். அவ்வளவுதான். ஒத்திகை பார்த்த ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. போன் அணைந்தது.

 நான் கேட்டது நடந்துவிட்டது. எத்தனை நாள் சண்டை போட்டேனோ, எதற்காகப் பாஸ்போர்ட்டை எரிப்பேன் என்றேனோ, அது நடந்துவிட்டது. என் தம்பி இனி எந்தக் குவியலுக்குள்ளும் முட்டிப் போகமாட்டான். நான் அங்கேயே முழங்காலில் விழுந்து ஸ்தோத்திரம் சொல்லியிருக்க வேண்டும்.

"போன வாரமா?" என்று கத்தினேன். "நீ ஐ.சி.யு.ல கிடந்தப்பவா கையெழுத்துப் போட்டானுங்க? ஒரு தடவகூட விடலன்னியே, அதுக்கு இதுவா மரியாத? போனக் கொடு. அந்த ஆளத் திரும்பக் கூப்பிடு. உன்ன வேணாம்னு எப்படிடா சொல்லலாம்? இவனுங்களுக்குக் கண்ணில்லையா?"

ஜெரோம் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்தேன். பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வலியோடு, சத்தம் வராமல் சிரித்துக்கொண்டிருந்தான். கண்ணிலிருந்து தண்ணீரும் வழிந்தது.

"அக்கா," என்றான் அந்தக் கரகரத்த குரலில். "நீதானேக்கா வேணாம்னு சொன்னே?"

"நான் சொல்லுவேன்டா," என்றேன். "நான் அக்கா, நான் சொல்லுவேன். அவன் யாரு சொல்றதுக்கு?"